குழாயில் சேர்ந்த காற்று

முரசுமோட்டையில் விஞ்ஞான ஆசிரியை ஜெயரூபியும் பத்தாந்தர மாணவி சுமித்திராவும் மூன்று வாரமாகச் செவ்வாய்க் கிரகத்துக்குக் காற்று செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடித் தொட்டியில் நீர்ப்பாசி. அதன்மேல் கவிழ்த்த புனல், புனலின் மேல் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாய். செவ்வாயின் காற்று பெரும்பாலும் கரியமில வாயுவான காபனீரொட்சைட்டு என்பதால், தொட்டியில் அப்பச்சோடா கரைத்து அந்த வாயுவைக் கூட்டியிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் பாசி ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனைக் குமிழ் குமிழாக விடும். நடக்கவிருந்த விஞ்ஞானக் கண்காட்சியில் அந்த ஒட்சிசனுக்குள் தணற்குச்சியை விட்டுச் சுடர் பிடிக்கவைக்க வேண்டும்.

கண்காட்சிக்கு முதல் நாளும் மழை விடவில்லை, வெயிலே இல்லை. மரம் விழுந்து கரண்டும் இல்லை. குழாயில் நகக்கண் அளவு காற்றுத்தான் சேர்ந்திருந்தது. சுமித்திரா அழுதாள்.

அவளை இறக்கிவிட வந்த தகப்பன் சங்கிலி எட்டிப் பார்த்தார். பிறகு தன் உழவு இயந்திரத்தை வகுப்பறை யன்னலோடு கொண்டுவந்து நிறுத்தி, முன் விளக்குகளைப் போட்டார். தொட்டி பளிச்சென்றது.

"அண்ணை, இண்டைக்கு உங்கட உழவெல்லோ!" என்றாள் ஜெயரூபி.

"வயல் எங்கயும் போகாதுங்க டீச்சர். எவ்வளவு நேரம் வேணும்?"

"பின்னேரம் வரைக்கும் வேணும்."

"நிக்கிறேன்."

பொலித்தீனைத் தலையில் போட்டபடி பகல் முழுவதும் அவர் இருக்கையிலேயே இருந்தார். மத்தியானத்துக்குள் குமிழ்கள் வரிசையாக ஏறத் தொடங்கின. பின்னேரம் குழாயில் பாதிக்குக் காற்று.

மறுநாள் நடுவர் முன்னால் சுமித்திரா குச்சியை விட்டாள். குப்பென்று பிடித்தது.

"ஒரு ஆள் மூச்சுவிட இந்தளவு காணுமோ?" என்று நடுவர் கேட்டார்.

"காணாது சேர். ஒரு அறை நிறையச் செடி வேணும். செவ்வாயில வெயிலும் குறைவு. வெளிச்சத்தையும் நாங்கள்தான் குடுக்க வேணும். இதுக்கு எங்கட அப்பா குடுத்தவர்."

இரண்டாம் இடம் கிடைத்தது.

"என்னெண்டு நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை அண்ணை," என்றாள் ஜெயரூபி.

"என்னங்க டீச்சர், மூணு வாரமா பள்ளிக்கூடம் விட்டும் புள்ளையோட நின்னது நீங்க. நான் நின்னது ஒரு நாள்தானே. நாங்கதான் சொல்லணும்," என்று அவர் கைகூப்பினார்.

மழை விட்டிருந்தது. சுமித்திரா உழவு இயந்திரத்தின் மட்காட்டில் ஏறிக்கொள்ள, இருவரும் வயலுக்குப் புறப்பட்டார்கள். இயந்திரச் சத்தம் தேயும்வரை ஜெயரூபி வாசலிலேயே நின்றாள்.