இருபத்தாறு அவுட் வரைக்கும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் முப்பது பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும். எங்கள் ஊர் மஸ்க்ராட்ஸ், பெரிய அணி ஒன்றுக்குப் பையன்களைத் தேற்றி மேலே அனுப்பும் பேஸ்பால் அணி. அந்தப் பெரிய அணியின் இளம் ஆட்டக்காரர்களில் யார் யார் தேறுவார்கள் என்று ஒரு பத்திரிகை ஒவ்வொரு மார்ச்சிலும் வரிசைப்படுத்தும். அம்மா அதை வெட்டி ஒட்டிவைப்பாள். மேலே போகிறவனுக்குப் பச்சை டிக். வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் பெயர்மேல் ஒரு காந்தத்தை நகர்த்தி மறைத்துவிடுவாள். செப்டம்பர் வந்தால் கதவில் பெயர்களைவிடக் காந்தங்கள்தான் அதிகம் தெரியும்.

அம்மா பெயர் லெனோர். பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஓர் ஆட்டக்காரனை எங்கள் மாடியறையில் இலவசமாகத் தங்கவைக்கிறாள். எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். தங்கியவர்களில் ஒரே ஒருவன் பெரிய அணிவரை போனான், ஒன்பது நாளுக்கு. மற்ற அம்மாக்கள் மகனின் பட்டமளிப்பைப் பற்றிப் பேசுவதுபோல இவள் அந்த ஒன்பது நாளைப் பற்றிப் பேசுவாள். பட்டமளிப்பு என்ற வகையில் நான் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் கல்லூரியை விட்டேன். இரவில் சோள ஸ்டார்ச் ஆலையில் உலர்த்தி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளூர் ஆட்டங்களுக்கு நான்தான் அதிகாரப்பூர்வ ஸ்கோரர். பந்தை அடித்துவிட்டு ஓடுகிறவன் முதல் தளத்தை அடைந்தால், அது அடித்தவன் திறமையா, பிடிக்க வேண்டியவன் தப்பா என்று நான் சொல்ல வேண்டும். திறமை என்றால் ஹிட். தப்பு என்றால் எர்ரர். நான் சொல்வதுதான் ஏட்டில் நிற்கும். வாழ்க்கையில் என் பேச்சு நிற்கிற இடம் அது ஒன்றுதான்.

இந்த வருடம் மாடியறையில் கோல்பி ரென்ஷா. ஓக்லஹோமாக்காரன், பந்து வீசுகிறவன், வயது இருபத்தாறு. கூட ஆடுகிறவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். அவனைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இருந்ததில்லை. சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்கே தெரியும்.

"பட்டியல்ல இல்லாததுல ஒரு வசதி இருக்கு, லெனோர் அம்மா," என்பான். "என் மேல காந்தம் வைக்க முடியாது."

"வாயை மூடிட்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்க," என்பாள் அம்மா.

கடைசி உள்ளூர் ஆட்டம் செப்டம்பர் முதல் ஞாயிறு, பகல் ஒரு மணிக்கு. வீசப்போவது கோல்பி. சனிக்கிழமை இரவு ஆலையில் மாற்றாள் வரவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிவரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் கோல்பி சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒரே ஒரு ஆட்டம்."

"எனக்குத் தூக்கம் வருதுடா."

"எனக்கு இருப்பே கொள்ளல. தனியா உக்காந்தா கடிகாரத்தையே பாத்துட்டிருப்பேன். ஒண்ணே ஒண்ணு."

பதினொன்றேகால்வரை ஆடினோம். எல்லாவற்றிலும் அவன்தான் ஜெயித்தான். நான் ஒரு பானை காப்பி குடித்துவிட்டு நேராக மைதானத்துக்குப் போனேன்.

அன்று கோல்பிக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மூன்று பேர் அவுட்டானால் ஓர் இன்னிங்ஸ் முடியும். முதலாவதில் வரிசையாக மூன்று பேர் அவுட். இரண்டாவதில் மூன்று பேர். ஐந்தாவது முடிந்தபோது எதிரணி ஒரு ஹிட்கூட அடித்திருக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே போனால் அதற்குத் தனிப் பெயர் உண்டு: நோ-ஹிட்டர். வாழ்நாள் முழுக்க வீசியும் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்கள்தான் அநேகம். ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு. பந்து வீசுகிறவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பேச மாட்டார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள்.

எங்கள் ஒலிபெருக்கி அறையிலும் அப்படித்தான். மைக்கில் பெயர் அறிவிக்கும் டெல்பர்ட், சாதாரணமாகத் தன் முழங்கால் அறுவைச் சிகிச்சையை இன்னிங்ஸ் இன்னிங்ஸாக விவரிக்கிறவர். ஆறாவதில் வாயை மூடியவர் திறக்கவே இல்லை. மின்விசிறி மட்டும் ஓடியது. ஏழாவதில் நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். எட்டாவதில் ஐஸ் கட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். ஒன்பதாவதில் முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் அவுட். மொத்தம் இருபத்தாறு. இன்னும் ஒன்று.

மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தனை அமைதியான இடத்தில் நான் கல்லூரிக்குப் பிறகு உட்கார்ந்ததில்லை.

இரண்டாயிரம் பேர் ஒன்றாக 'ஐயோ' என்ற சத்தத்தில் கண் விழித்தேன். முதல் தளத்தில் எதிரணிக்காரன் நின்றுகொண்டிருந்தான். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்து பிடிக்கும் எங்கள் ஷார்ட்ஸ்டாப், ஜேஸ் விட்லாக், மண்ணில் மண்டியிட்டிருந்தான். பந்து அவனுக்குப் பின்னால் கிடந்தது. ஃப்ரிட்ஜ் பட்டியலில் நான்காம் பெயர் ஜேஸ், பத்தொன்பது வயது.

டெல்பர்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஹிட்டா, எர்ரராப்பா?"

நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயில் எது தயாராக இருந்ததோ அது வெளியே வந்தது.

"ஹிட்."

"நல்லா யோசிச்சியா?"

"ஹிட்டுன்னா ஹிட்டு."

ஸ்கோர் பலகையில் ஹிட் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் ஒன்றாக மாறியது. இரண்டாயிரம் பேரும் திரும்பி எங்கள் அறையைப் பார்த்து ஊளையிட்டார்கள். மூன்றாம் வரிசையில் அம்மா எழுந்து நின்று பைனாகுலரை என் பக்கம் திருப்பினாள். கோல்பி அடுத்தவனை மூன்று பந்தில் அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தான். மணி மூன்று நாற்பது.

ஸ்கோரர் தன் முடிவை மாற்ற இருபத்து நான்கு மணி நேரம் உண்டு. அதாவது திங்கட்கிழமை மூன்று நாற்பதுவரை. அதற்குள் நான் எர்ரர் என்று மாற்றி எழுதினால், கோல்பிக்கு நோ-ஹிட்டர். அவன் பெயர் பேப்பரில் வரும், ஏட்டில் ஏறும், வேறு ஏதாவது அணி கூப்பிட்டாலும் கூப்பிடும். மாற்றாவிட்டால், எங்கள் ஊரைத் தவிர யாருக்கும் அவன் வீசியது தெரியாது.

ஒளிபரப்புக்கு இருந்தது ஒரே கேமரா. அதை இயக்கியவன் உணர்ச்சிவசப்பட்டு கோல்பியின் முகத்தை நெருங்கிக் காட்டிக்கொண்டே இருந்துவிட்டான். பந்து அடிபடும் சத்தம் கேட்கிறது. முகம் மட்டும் தெரிகிறது. பத்துப் பன்னிரண்டு முறை போட்டுப் பார்த்தேன். முகத்தைப் பார்த்து ஹிட்டா எர்ரரா என்று எழுத விதியில் இடமில்லை.

திங்கட்கிழமை காலை ஆலையிலிருந்து வந்தபோது மேஜையில் பீச் பழத்தை மாவுக்குள் வைத்து அம்மா சுட்ட பை இருந்தது. என் தட்டில் இல்லை. கோல்பிக்கு எடுத்துவைத்த தட்டில் இரண்டு துண்டுகள். அவன் அணி அலுவலகத்துக்குப் போயிருந்தான், கூப்பிட்டிருந்தார்கள்.

"எனக்கில்லையா?"

"பையா? இருக்கே," என்றாள் அம்மா. "நீயா பாத்து ஒரு முடிவு எடுத்து வெட்டிக்க. உன் முடிவுல நான் எப்பவாவது தலையிட்டிருக்கேனா?"

"அம்மா."

"எனக்கென்ன. நான் ஒண்ணும் சொல்லல. நேத்து சாயங்காலம் சர்ச்சுல ஃபிளாரன்ஸ்தான் கேட்டா, உன் பையனுக்குக் கண்ணுல ஏதாவது கோளாறான்னு. இல்லடி, வெறும் பிடிவாதம்தான்னு சொன்னேன்."

"அது ஹிட்டு."

"சரிப்பா. நீ சொன்னா சரி." பையின்மேல் மூடியைப் போட்டு அழுத்தினாள். "நான் பைனாகுலர்ல பாத்தப்போ உன் தாடை நெஞ்சுல கிடந்துது. அந்தக் கோணத்துல நல்லாத் தெரிஞ்சிருக்கும் போல."

நான் வெளியே வந்து காரை எடுத்தேன்.

மைதானத்தின் உடைமாற்றும் அறையில் ஜேஸ் தன் மட்டைகளை ஒரு நீளப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். நேரடியாகக் கேட்டேன்.

"அது பிடிக்கக்கூடிய பந்தா?"

"பிடிச்சிருக்கணும் சார். எர்ரர் போட்டுக்குங்க."

"உண்மையைச் சொல்லுப்பா."

"ஏற்கெனவே எனக்கு இருபத்தொன்பது எர்ரர் இருக்கு. முப்பதானா எண்ண ஈஸி." சிரித்தான். "என்னை அடுத்த வருஷம் மேல அனுப்பத்தான் போறாங்க. தாத்தாவுக்கு அப்படியா? போட்டுக்குங்க சார். நான் எங்கேயும் போய்ச் சொல்ல மாட்டேன்."

நல்ல பையன். சாட்சியாக எதற்கும் உதவாதவன். ஆனால் திரும்பும் வழியில் யோசித்தேன். தப்பைத் தன் பெயரில் எழுதச் சொல்லி அதற்குரியவனே கேட்கிறான். அம்மா கேட்கிறாள். ஊர் கேட்கிறது. எதிர்த்துச் சொல்ல ஒரே ஒருவன்தான், அவனும் தூங்கிக்கொண்டிருந்தான். இதில் என் பிடிவாதத்துக்கு என்ன மரியாதை? மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து திருத்தப் படிவத்தை எடுத்தபோது மணி ஒன்றரை. எத்தனையாவது பந்தில் அது நடந்தது என்று ஒரு கட்டம். என் தாளில் அந்த ஆளுக்கு நேராக ஒன்றுமே இல்லை, ஒரு கோணல் கோட்டைத் தவிர. பேனா என்னோடு சேர்ந்து சரிந்திருக்கிறது.

அம்மா ஒரு பந்து விடாமல் தன் சொந்தப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். அவள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இருபத்தேழாவது ஆள். இரண்டு பந்து விட்டிருக்கிறான், ஒன்றைத் தவறவிட்டிருக்கிறான், நான்காவதை அடித்திருக்கிறான். கட்டத்தின் நடுவே, தாளில் பள்ளம் விழும்படி அழுத்தி எழுதியிருந்தாள்: ஹிட். பக்கத்தில் பென்சில் முனை ஒடிந்த கரி.

புத்தகத்தோடு பின்கட்டுக்குப் போனேன்.

"அம்மா, என்ன இது?"

"என் புஸ்தகத்தை எதுக்குடா தொட்டே?"

"ஹிட்டுன்னு எழுதியிருக்கே."

"ஹிட்டை வேற என்னன்னு எழுதறது?"

"அப்ப காலையிலேர்ந்து ஏன் என் உயிரை எடுத்தே?"

"அது வேற, இது வேற." வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். "அந்தப் பையன் வலது பக்கம் நாலு எட்டு பாஞ்சு விழுந்தான். கையுறை நுனியில பட்டதே பெருசு. அதைப் போய் தப்புன்னு என் கையால எழுதச் சொல்றியா? நாப்பது வருஷமா எழுதறேன்."

"என் கையால எழுதச் சொன்னியே?"

"உன் கைதானே. என்னுது இல்லையே." ஒரு தலையணை உறையை உதறினாள். "என் புஸ்தகத்தை யாரு பாக்கப் போறா? உன்னுதுதான் பேப்பர்ல வரும். அவன் பேரு பேப்பர்ல வரணும்னு ஆசைப்பட்டேன். ஆசைப்படறது தப்பா? செய்யறதும் செய்யாததும் உன் இஷ்டம். செஞ்சிருந்தா உன்னைக் கொஞ்சம் மட்டமாத்தான் நெனச்சிருப்பேன். பை குடுத்திருப்பேன்."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

அணி நிர்வாகிக்கு போன் செய்து, அந்தப் பந்து அடிபட்டபோது நான் தூங்கிவிட்டேன், ஸ்கோரர் வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன்.

"முடிவு சரிதானே?" என்றார்.

"சரிதான். ஆனா பாக்காம சொன்னேன்."

"வெண்டல், பாத்துட்டுத் தப்பாச் சொன்னவனுங்க நாலு பேரை நான் மாத்தியிருக்கேன். ஏப்ரல்ல வந்து சேரு. வர்றதுக்கு முன்னாடி தூங்கிட்டு வா."

கோல்பி இரண்டு மணிக்கு வந்தான். எதிர்பார்த்ததுதான், அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பாவின் டயர் கடையில் ஆள் வேண்டுமாம். மாடியறையைக் காலி செய்ய அவனுக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அம்மா மிச்சமிருந்த பை முழுவதையும் பாத்திரத்தோடு அவன் கார் சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். பாத்திரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மூன்று முறை சொன்னாள்.

நான் காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கோல்பி, அந்தப் பந்து அடிபட்டப்போ நான்..."

"தெரியும்ணே. உங்கம்மா நேத்தே சொல்லிட்டாங்க."

"நேத்தேவா?"

"மைதானத்துலேர்ந்து கார்ல வரும்போதே. வாய் எவ்வளவு தெறந்திருந்துதுன்னுகூட செஞ்சு காட்டினாங்க." பையை ஒரு விரலால் தொட்டு நக்கினான். "அது ஹிட்டுதான். கையை விட்டுப் போகும்போதே தெரிஞ்சுபோச்சு. நடுவுல போட்டுக் குடுத்தேன். அடிக்காம என்ன பண்ணுவான்?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"மாத்தினா வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவன் இல்லண்ணே." கார் சாவியைத் திருப்பினான். அது இரண்டாம் முறைதான் உயிர் பிடித்தது. "விடுங்க. இருபத்தாறு அவுட் வரைக்கும் முழிச்சிருந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் கோட்டை விட்டிருக்கோம்."

"நேத்துக் காலையில என்னைத் தூங்க விட்டிருந்தா நான் முழிச்சிருப்பேன்டா."

"முழிச்சிருந்தா என்ன போட்டிருப்பீங்க?"

"ஹிட்."

"அப்புறம் என்ன? சீட்டாவது ஆடினோம்."

கார் தெருமுனையில் திரும்பியது. அம்மா உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் அவள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவன் பெயர்தான் அதில் இல்லையே. கடைசியில் பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நான் மேலே போய்ப் படுத்தேன். மணி மூன்று நாற்பது ஆனபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.