நூல் இல்லாத தையல்

தையல் மெஷின்மேல் கிடந்த பழைய புடவையை அமிர்தவள்ளி ஒரே இழுப்பில் எடுத்து உதறினாள். தூசி எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றியது. மதியழகன் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டான். ஒன்றரை வருஷமாக அந்தப் புடவையை யாரும் தொட்டதில்லை. பெருக்கும்போதுகூட அவன் மெஷினைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

"இன்னா மாப்ள, இவ்ளோ தூசு! மூடி வெச்சா போதுமா? எண்ணெ விட வேணாமா?" என்றாள் மாமியார்.

அவன் ஊசியைப் பார்த்தான். நீல நூல் அப்படியே கோத்தபடி இருந்தது. அவன் மனைவி எழிலரசி கோத்தது. ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தவள், உடம்பு சுடுகிறது என்று எழுந்துபோய்ப் படுத்தாள். டெங்கு என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அந்த ஜாக்கெட்டை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். நூல் மட்டும் நின்றுவிட்டது.

பேரணாம்பட்டிலிருந்து மாமனார் அருணகிரியும் மாமியாரும் வந்திருந்தது எழிலரசியின் தங்கை பூங்குழலிக்காக. அவளும் கூடவே வந்திருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். வேலூரில் ஒரு காலேஜில் பி.காம். இடம் கிடைத்திருந்தது. அவளுக்கோ ஆம்பூரில் ஷூ வேலை கற்றுத்தரும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர ஆசை. ஒரு வருஷப் படிப்பு. சேர்வதற்கு ஒரு பரீட்சை உண்டு. சுருள் சுருளாகக் கோடு போட்ட ஒரு காகிதத்தைக் கொடுப்பார்கள். மெஷினில் நூல் கோக்காமல், வெறும் ஊசியால் அந்தக் கோட்டின்மேலேயே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்ப்பார்கள். கோட்டை விட்டு விலகினால் இடம் கிடையாது.

பழகிப் பார்க்க அவள் வீட்டில் மெஷின் இல்லை. இருந்த ஒரே மெஷின் அக்காவின் சீரோடு இங்கே வந்துவிட்டது.

பரீட்சைக் காகிதங்களைக் கொடுத்தனுப்பியவன் நயீம் அகமது. மதியழகனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பிறகு இவன் காலேஜுக்குப் போனான், அவன் ஐ.டி.ஐ.க்குப் போனான். இப்போது இருவரும் ஒரே ஷூ கம்பெனியில். நயீம் சாம்பிள் ரூமில் பெரிய ஆள். புது மாடல் ஷூ எது வந்தாலும் முதல் ஜோடி அவன் மேஜையில்தான் பிறக்கும். மதியழகன் ஏற்றுமதிப் பிரிவில் பெட்டிகளுக்கு லேபிள் சரிபார்ப்பவன்.

"காலேஜுக்குப் போயி இன்னாடா கண்ட? நான் பண்ற ஷூவுக்கு நீ பேர் ஒட்ற" என்று நேற்றுகூடச் சிரித்தான் நயீம். "உன் மச்சினி தேவல. கைய நம்பி வர்றேன்றா. காயிதம் போதலன்னா சொல்லச் சொல்லு, இன்னும் தர்றேன்."

அப்போது அவன் போன் அடித்தது. சாப்பிட்டாயா என்று கேட்க அவன் மனைவி தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். "இதுக்கு ஒரு போனா? பேஜார்ப்பா" என்று நயீம் அலுத்துக்கொண்டே எடுத்துப் பேசினான். அந்த அலுப்பைக் கேட்டபோது மதியழகனுக்கு வயிறு எரிந்தது. அலுத்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் அவனுக்கு.

இப்போதெல்லாம் அவனுக்கு வருவது இந்த ஒன்றுதான். அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. பஸ்ஸில் தூங்கிவழிந்து புருஷன் தோளில் சாய்பவளைப் பார்த்தால் எரியும். மகளை நினைத்து ஊரே கூடும்படி அழுது தீர்த்து, இப்போது எழுந்து வந்து மெஷின் துடைக்கிற மாமியாரைப் பார்த்தாலும் எரிந்தது.

சாப்பாட்டின்போது அருணகிரி தொண்டையைச் செருமினார். டேனரியில் முப்பது வருஷம் தோலை அலசிய கை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"நீங்க படிச்சவரு மாப்ள. எங்களுக்கு இன்னா தெரியும்? காலேஜா, ட்ரெய்னிங்கான்னு நீங்க சொல்றதுதான்."

மதியழகன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலேஜ்லயே போடுங்க மாமா. டிகிரி இருந்தா நல்லதுதான்."

அவன் யோசித்தது டிகிரியைப் பற்றி அல்ல. காலேஜ் என்றால் மெஷின் வேண்டாம். மெஷின் வேண்டாம் என்றால் புடவையை மறுபடி மூடிவிடலாம்.

பூங்குழலி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். எழுந்து கை கழுவப் போனாள்.

"மூணு வருசமா?" அமிர்தவள்ளி கரண்டியைச் சட்டியில் போட்டாள். "அதுவரிக்கும் நீங்க ஒத்தையா பொங்கித் தின்னுனு இருப்பீங்களா? ஒரு வருசத்துல ட்ரெய்னிங் முடிஞ்சா, அடுத்த தையில ஒரு நல்ல காரியத்த வெச்சிடலாம்னு நான் பாத்துனு இருக்கேன். மெஷினு இங்கயே கெடக்கட்டும். எப்டியும் அவ இங்கதான வரப்போறா."

அருணகிரி பிசைவதை நிறுத்தினார். சொந்தத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அக்கா போன வீட்டுக்குத் தங்கை வருவாள். கேட்டால் உறவு விட்டுப்போகக் கூடாது என்பார்கள். அவனிடம் நேராகச் சொன்னது இதுதான் முதல் தடவை. மதியழகன் மோர் ஊற்றிக்கொண்டான். என்ன சொல்வது என்று தெரியாதபோது ஏதாவது ஊற்றிக்கொள்ளலாம்.

பின்பக்கக் குழாயடியில் பூங்குழலி நின்றிருந்தாள். கழுவின கையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க காலேஜ்னு சொன்னது எதுக்குன்னு தெரியும்."

அவனுக்குத் திக்கென்றது.

"மூணு வருசம் தள்ளிப்போனா அம்மா அந்தப் பேச்ச விட்ருவாங்கன்னுதான? எனக்காகத்தான் சொன்னீங்க. தேங்ஸ் மாமா. ஆனா எனக்குக் காலேஜ் வேணாம். கணக்கு எழுதப் பிடிக்கல. ஷூ பண்ணத்தான் பிடிக்குது."

அவன் அவளையே பார்த்தான். இப்படி ஒரு நல்லவனை அவள் எங்கிருந்து கண்டுபிடித்தாள் என்று இருந்தது.

"அப்ப அத்தை சொல்றது?"

"எனக்கு நீங்க மாமாதான். அக்கா வீட்டுக்காரரு. அவ்ளோதான்." சொல்லிவிட்டு அவளே பயந்து போனாள். குரலைத் தாழ்த்தினாள். "மெஷின எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க மாமா. அது இங்க இருந்தா, நானும் இங்கதான்னு அம்மா சொல்லிக்கினே இருப்பாங்க. நான் கேட்டா குடுக்க வுட மாட்டாங்க. நீங்களா சொன்னாதான் உண்டு."

என்ன திமிர் என்று நினைத்தான். பதினெட்டு வயதில் இரண்டு வழி இவளுக்கு. வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய். அதற்கும் மேலே அந்த மெஷினும் வேண்டுமாம். எழிலரசி மிதித்த மெஷின். அந்தச் சத்தத்தில்தான் ஞாயிறு மதியங்களில் அவன் தூங்குவான். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான். அந்தச் சத்தம் இனி பேரணாம்பட்டில், வேறு யார் யாரோ கேட்க.

"பாக்கலாம்" என்றான்.

உள்ளே போனதும் அவள் மெஷின்முன் உட்கார்ந்தாள். நயீம் கொடுத்த காகிதத்தை எடுத்து வைத்தாள். நூலை உருவக் கையைக் கொண்டுபோனவள், நிமிர்ந்து மதியழகன் முகத்தைப் பார்த்தாள். கை நின்றது. உருவவில்லை. ஊசியை அப்படியே இறக்கினாள். மிதித்தாள்.

சத்தம் வந்தது.

அதே சத்தம். தோல் பட்டை சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு ஒருதரம் டக்கென்று தட்டும், அதுவும் அப்படியே. அமிர்தவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அருணகிரி வெளியே பார்த்தார். மதியழகன் சுவரில் சாய்ந்து பூங்குழலியின் பாதங்களைப் பார்த்தான். எழிலரசிக்கு இருந்த அதே நீளமான இரண்டாவது விரல். உயிரோடு மிதிக்கிறது. அந்தப் பாதங்களை அவன் வெறுத்தான். எழுந்து போய்ச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடலாம் போலிருந்தது.

காகிதத்தில் நீலக் கோடு விழுந்துகொண்டே வந்தது. வெளிச்சுற்றிலிருந்து உள்ளே, மெதுவாக. மேலே நூல்கண்டு துள்ளித் துள்ளிச் சுழன்றது. திடீரென்று அது லேசாகி வெறுமனே ஆடியது. நூலின் நுனி ஊசிக் கண்ணைத் தாண்டிப் போனதை அவன் பார்த்தான்.

"ஏய்!"

அவனுக்கே தெரியாமல் வந்த சத்தம். பூங்குழலி பதறினாள், ஆனால் கால் நிற்கவில்லை. சுருளின் நடுப்புள்ளிவரை ஓட்டி முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். பிறகு மரக்கண்டைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"உருவ மனசு வரல மாமா. அக்கா கோத்ததுன்னுதான்… இவ்ளோதான் இருக்கும்னு தெரியாது."

அவனுக்கும் தெரியாது. ஒன்றரை வருஷம் ஊசியையே பார்த்தவன், கண்டில் எவ்வளவு மிச்சம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அவன் போய் மெஷின் அருகே மண்டியிட்டான். தோல் பட்டையைச் சக்கரத்திலிருந்து தள்ளிக் கழற்றினான். அது அவன் கையில் சூடாக இருந்தது.

"இன்னா மாப்ள பண்றீங்க?" என்றாள் அமிர்தவள்ளி.

"குழலிக்கு டெஸ்ட் இருக்கு அத்தை. வீட்ல பழகட்டும்."

"அதான் இங்கயே வந்து பழகலாமே…"

"இங்க வேணாம் அத்தை." அவன் நிமிரவில்லை. "தையில ஒண்ணும் வெக்காதீங்க."

அமிர்தவள்ளி அவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அருணகிரி மெல்ல எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் போயி குட்டியானை வண்டி ஒண்ணு பாத்துனு வர்றேன்" என்று செருப்பை மாட்டினார்.

மெஷினைத் தூக்கி ஏற்றும்போது பூங்குழலி ஒரு பக்கம் பிடித்தாள். அவனைவிட நன்றாகவே தூக்கினாள். வண்டி பேரணாம்பட்டு ரோட்டில் திரும்பும்வரை அவள் ஒரு கையால் மெஷினைப் பிடித்தபடி, மறு கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். அதற்காகவும் அவனுக்கு எரிந்தது.

உள்ளே வந்தான். மெஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் புதிதாக இருந்தது. ஜன்னல் திண்டில் அவள் அந்தக் காகிதத்தை வைத்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான்.

வெளிச்சுற்றில் நீலம், ஒரு தையல் விலகாமல். நூல் தீர்ந்த இடத்தில், அவன் கத்திய இடத்தில், ஒரே ஒரு ஓட்டை கோட்டைத் தாண்டி விழுந்திருந்தது. அதற்குப் பிறகு உள்ளே, சுற்றிச் சுற்றி, வெறும் ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் வெயில் நின்றது.