மேனேஜரின் கழுத்து மணி

"ஓரக்கண்ணால பாக்கக் கூடாது. நல்லா மூடிக்கோங்க," என்றேன்.

காலி ஹாலின் நடுவில் இவர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நின்றுகொண்டு கண்களை இறுக மூடினார். நான் கைப்பையிலிருந்து சுண்டைக்காய் அளவு மணியை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய் ஆட்டினேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி வந்தார். கதவு நிலையில் தோள் இடிக்கவில்லை. படுக்கையறைக்குப் போய் ஆட்டினேன், அங்கேயும் வந்தார். ஜன்னலோரம் வீட்டுக்காரம்மாவும் புரோக்கர் பெண்ணும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புது நாட்டுக்கு வந்த ஒன்பதாவது நாளில், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வீட்டில், நாற்பத்தாறு வயது மனிதரைக் கண்ணாமூச்சி ஆடவிட்ட பெருமை என்னையே சேரும். ஆடட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எங்கள் நாய் தொப்பைக்கு இரண்டு கண்ணும் போய் ஒன்றரை வருடமாகிறது. பதின்மூன்று வயது. பூனை பெயர் மேனேஜர். ஒரு மழைநாளில் சுவர் ஏறிக் குதித்து வந்தது, யாரும் கூப்பிடவில்லை. ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவர் வேலையை மட்டும் மேற்பார்வை பார்க்கிறதே என்று இவர் வைத்த பெயர். தோட்டத்துக் குருவிகளைப் பிடிக்கிறதென்று அதன் கழுத்தில் நான்தான் மணியைக் கட்டினேன். பூனைக்கு மணி கட்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை, தூங்கும்போது கட்டிவிடலாம். கட்டிய பிறகுதான் கவனித்தேன், மணி போகிற இடத்துக்கெல்லாம் தொப்பை போனான். மணி சாப்பாட்டுத் தட்டருகே நின்றால் அவனும் நிற்பான். மணி வாசலைத் தாண்டினால், ஒரு முன்னங்காலைத் தூக்கிக் காற்றில் வைத்துக்கொண்டு ஒரு நொடி யோசித்துவிட்டு அவனும் தாண்டுவான்.

நான் பதினோரு வருடம் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தவள். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருப்பேன். அப்படிப்பட்டவள், வீட்டில் நாய் வாளியில் முட்டித் தண்ணீரைக் கொட்டியபோதெல்லாம், "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தியிருக்கிறேன். நிஜமாகவே தெரியவில்லை அவனுக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். இங்கே ஒரு லிஃப்ட் கம்பெனி கூப்பிட்டது. நான் கடையை விட்டேன், வீட்டைக் காலி செய்தோம், நாயும் பூனையும் தனித்தனிக் கூண்டில் விமானம் ஏறின. கழுத்துப்பட்டை கூடாதென்று ஏற்றுகிற இடத்தில் மணியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். வந்து இறங்கியதிலிருந்து இரண்டும் குவாரண்டைன் காப்பகத்தில் இருக்கின்றன. நாளை மதியம் பத்து நாள் முடிகிறது. பிராணிகளை அனுமதிக்கிற வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தால்தான் விடுவார்கள். நாங்கள் தங்கியிருக்கிற அறையில் ஒரு பல்லியைக்கூட அனுமதிக்க மாட்டார்கள்.

நேற்று காப்பகத்திலிருந்து போன் வந்தது. பூனை நன்றாகச் சாப்பிடுகிறதாம். நாய்தான் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர் குடிக்கிறதாம். இரண்டும் வேறு வேறு வரிசையில். அதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த ஒன்பது நாளில் எத்தனை பேட்டை நடந்திருப்பேன் என்று கேட்காதீர்கள். நடைபாதைச் சூட்டைக் குனிந்து உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன், படிகளை எண்ணினேன், தெருமுனையில் நின்று மணியை ஆட்டிக் காதைக் கொடுத்தேன். எதிரே வந்தவர்கள் என்னை விட்டு விலகி நடந்தார்கள்.

அதனால்தான் இந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பரீட்சை ஹால் மாதிரி அமைதி. தரைத்தளம், ஒரே ஒரு படி. மணி சமையலறையில் ஆடினால் வாசல் வரை கேட்டது. "இதுதாங்க," என்றேன். இவரும் கண்ணைத் திறந்து சிரித்தார்.

அப்போது வீட்டுக்காரம்மா புரோக்கர் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் நம் மொழி பேசுகிறவள். "அக்கா, அந்த மணி எதுக்குன்னு கேக்கறாங்க."

நான் உற்சாகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். மழைநாள், குருவி, வாசல், தூக்கிய கால் எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. மொழிபெயர்ப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

"பூனையா? எந்தப் பூனை? அண்ணன் ஃபார்ம்ல ஒரு பிராணின்னுதானே எழுதியிருக்காரு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சாக்ஸைப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மா மரியாதையாகத்தான் சொன்னார். நாய் சரி, பூனை முடியாது, அவருக்கு மூச்சு இழுக்குமாம். மேல் மாடியில்தான் குடியிருக்கிறார். கெஞ்சிப் பார்த்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"சொல்லாம கூட்டிட்டு வந்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்கக்கா," என்றாள் புரோக்கர் பெண் தெருவில். "மணி கட்டின பூனையை எங்க ஒளிப்பீங்க?" சொல்லிவிட்டு, அடுத்துப் பார்க்கப்போகிற வீட்டுக்காரருக்குப் போன் செய்யத் தள்ளிப் போனாள்.

"ஏங்க, ஒண்ணுன்னா எழுதுனீங்க?"

"வேணும்னு செய்யல." இவர் குரல் உள்ளே போயிருந்தது. "ரெண்டும் சேந்து ஒண்ணுன்னுதான் என் மனசுல இருந்துச்சு. மேனேஜரைத் தனியா எண்ணணும்னு தோணவே இல்ல. சத்தியமா."

என்ன சொல்வது இந்த மனிதரை? கோபம் மூக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வேறு நேரத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீங்க முன்னாடி போறீங்க, நாங்க மூணு பேரும் பின்னாடியே வர்றோம். வேலையை விடுன்னீங்க, விட்டேன். கிளம்புன்னீங்க, கிளம்பினேன். வர்றாங்களா இல்லையான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்திருப்பீங்களா?"

இவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். சண்டை என்றால் இவருக்கு ஷூ கயிறுதான் புகலிடம்.

இரண்டாவது வீடு பேருந்தில் முக்கால் மணி நேரம். சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, அதன் பின்னால் தரைத்தளத்தில் இரண்டு அறை, பின்வாசலில் துண்டு நிலம், அதை ஒட்டி ரயில் பாதை. கடைக்காரர்தான் வீட்டுக்காரர். மூன்று கால் நாய் ஒன்று அவர் ஸ்டூலுக்கு அடியில் படுத்திருந்தது. நான் இந்த முறை வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாகப் பூனையைச் சொன்னேன். அவர் கிரீஸ் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"ஆனையைத் தவிர எது வேணா வெச்சுக்கலாமாம்," என்றாள் புரோக்கர் பெண். "ஆனா ரயிலைப் பத்திக் குறை சொல்லக் கூடாதாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்கக்கா, இன்னொரு பார்ட்டி இருக்கு." நாங்கள் பார்த்துவிட்டு வரட்டும் என்று அவள் கடையிலேயே நின்றுகொண்டாள்.

சுவரெல்லாம் சைக்கிள் டயர் வாசனை. இவர் நான் சொல்லாமலே ஷூவைக் கழற்றினார், கண்ணை மூடிக்கொண்டார். நான் மணியை ஆட்டினேன். முன் அறையிலிருந்து பின் அறைக்கு வந்தார். சுவரோரமாகத் திரும்பினேன், திரும்பினார். கடையில் சுத்தியல் தட்டும்போதுகூட மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது நாளில் முதல்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. மணியை ஆட்டியபடியே பின்வாசலைத் தாண்டிப் புல்லில் இறங்கினேன்.

அப்போதுதான் கூட்ஸ் வண்டி வந்தது. முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, அப்புறம் தரை, அப்புறம் என் பற்கள். விரலிடுக்கில் மணி ஆடுவது தெரிந்தது, ஆனால் என் காதுக்கே கேட்கவில்லை. பழைய வீட்டில் குக்கர் விசில்தான் பெரிய சத்தம். அது அடங்கும் வரை தொப்பை நின்ற இடத்திலேயே நிற்பான். இப்படி முடிவில்லாமல் ஓடுகிற சத்தத்துக்கு அவன் என்ன செய்வான்? மேனேஜர் என்ன செய்யும்? நாய் வரவில்லை என்று திரும்பி வருமா? பூனை அது. வாலைத் தூக்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போனாலும் போகும். யோசித்துக்கொண்டே வேலி வரை நடந்துவிட்டேன். பின்னால் வருகிறார் என்கிற நினைப்பில்தான் நடந்தேன்.

திரும்பிப் பார்த்தேன்.

இவர் வாசற்படியிலேயே நின்றிருந்தார். கைகள் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. சாக்ஸ் போட்ட ஒரு கால் படிக்கு மேலே தூக்கியபடி இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியாமல். நினைத்தால் கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இமைகள் துடிக்கத் துடிக்க இறுக்கி மூடியே வைத்திருந்தார்.

பெட்டி பெட்டியாக வண்டி போய்க்கொண்டே இருந்தது. நான் ஓடி வந்தேன். படிக்குக் கீழே மண்டியிட்டு, மேனேஜரின் கழுத்து இருக்கிற உயரத்தில் மணியைப் பிடித்து, படியில் ஊன்றியிருந்த காலில் என் தோளைப் பதித்து உரசினேன். இவர் கை மெல்ல இறங்கி என் தலையைத் தேடிப் பிடித்தது. தூக்கிய கால் புல்லைத் தொட்டது.