மச்சினன் கட்டாத பில்

பூட்டுக்காரருக்குச் சோறு போட்டது சாவி இல்லை, டெலிபோன். செல்போன் எட்டிப் பார்க்காத காலம் அது. எவனாவது சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் பக்கத்து வீட்டுக்கு ஓடி இவர் நம்பரைச் சுழற்றுவான். இவர் எங்கோ ஒரு பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். வீட்டில் மனைவி எடுத்து, "பதறாதீங்க, வந்துடுவார்" என்பாள். அந்தக் குரலுக்காகவே பாதிப் பேர் இவரைத் தேடினார்கள்.

அப்பேர்ப்பட்ட போன் ஒருநாள் செத்துக் கிடந்தது. டெலிபோன் ஆபீசுக்கு ஓடினார்.

"உங்க பில் சரியா இருக்கு," என்றார் கவுண்டர்காரர். "உங்க மச்சினன்தான் கட்டல. அவர் லைனை வெட்டிப் பார்த்தோம், அசையல. அதான் உங்க லைனையும் வெட்டிட்டோம்."

"அவன் கட்டலைன்னா அவனைப் பிடிங்க சார்!"

"அவர் சிக்கலையே. நீங்க சிக்குனீங்க."

என்ன நியாயம் பாருங்கள்! தின்றவன் ஒருவன், திண்டாடுகிறவன் ஒருவன். பிழைப்பு படுத்துவிட்டது. அடுத்த தெருப் பூட்டுக்காரன் காட்டில் மழை. வேறு வழியில்லாமல் வழக்குப் போட்டார்.

பில் தன்னுடையதுதான் என்று சாட்சி சொல்ல பக்கத்து ஊரிலிருந்து மச்சினனே வந்திருந்தான். பாவம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் வக்கீல் எழுந்தார். "ஒரே குடும்பம். யார் பேசினாலும் ஒண்ணுதான்" என்றார். பூட்டுக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

"அவனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லைங்க! அவன் யாரோ, நான் யாரோ!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உறவா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அவர் பேர்ல இருக்கிற போனுக்கு அவர்தான் பொறுப்பு. உங்க லைனை வெட்டினது தப்பு." இணைப்பையும் கொடுத்து நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. ஆக, அவர் கத்தியது வழக்குக்குத் தேவையே படவில்லை.

வீட்டில் மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி யாரோன்னா, நானும் யாரோதானே?"

"அடி, அது கோர்ட்டுல சொல்ற பேச்சு..."

"கோர்ட்டுலதான் பொய் சொல்லக் கூடாதும்பாங்க," என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு பஸ் ஏறிவிட்டாள்.

போனுக்கு உயிர் வந்தது. ஓயாமல் அடித்தது. வேலைக்குப் போனால் போனை எடுக்க ஆளில்லை, எடுக்க உட்கார்ந்தால் வேலைக்குப் போக ஆளில்லை. எடுத்தபோதெல்லாம் "அம்மா இல்லீங்களா?" என்றார்கள். அந்தக் கேள்வி அவரை அறுத்தது. நேரில் போய் நிற்க முகமில்லை. போனில் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், மச்சினன் லைனைச் சட்டப்படி வெட்டி வைத்திருக்கிறார்களே!

நஷ்டஈட்டுப் பணம் கைக்கு வந்த அன்றே மறுபடி டெலிபோன் ஆபீசுக்குப் போனார். மச்சினன் நம்பரைச் சொல்லிப் பணத்தை நீட்டினார்.

கவுண்டர்காரர் வாயைப் பிளந்தார். "இதுக்கு நீங்க பொறுப்பில்லைன்னு தீர்ப்பே வாங்கினீங்களே?"

"வாங்கினேன். இதையும் வாங்கிக்கிட்டு, அவன் லைனை இன்னிக்கே குடுங்க."

"அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"அக்கா புருஷன் சார்," என்றார், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.