அமாவாசையில் தெளிந்த கால்வாய்

வயலுக்குப் போன அர்ஜுனன் மடையைத் திறக்காமல் கரையிலேயே நின்றான். கால்வாய்த் தண்ணீர் அன்றைக்கும் சிவப்பாக வந்தது. மேலே காஞ்சிபுரத்துப் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டு அலசிவிட்ட தண்ணீர். அதைப் பாய்ச்சித்தான் ஐயம்பேட்டையில் அவனுடைய நாற்று இரண்டு முறை கருகியது. மூன்றாவது முறையும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

அது 1974ஆம் ஆண்டு. தண்ணீரைக் கெடுத்தால் தண்டனை என்று டில்லியில் சட்டம் வந்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். ஒரு ஆபீஸ் இன்னொன்றைக் கை காட்டியது. போலீசில், "பட்டறக்காரன் யாரையாவது அடிச்சானா?" என்று கேட்டார்கள். கடைசியில் வருவாய் ஆய்வாளர் தனசேகரன்தான் உட்காரச் சொன்னார்.

"அந்தச் சட்டம் நம்ம பக்கம் இன்னும் வரலப்பா. அத்த நடத்தறதுக்கு இங்க ஆபீசும் இல்ல. உன்னப் பாத்தா பாவமா இருக்குது. நானே வந்து பாத்து எழுதறேன். என்னிக்கு வரட்டும்?"

"நெறஞ்ச அமாவாசயில வாங்க சார். நல்ல நாளு."

நல்ல நாள்தான், பட்டறைக்காரர்களுக்கு. அமாவாசையன்று தறி ஓடாது, சாய அடுப்பும் எரியாது. அர்ஜுனனுக்கு இது தெரியாது. அமாவாசையில் ஏர் பூட்டக்கூடாது என்று அவனும் அன்று வயல் பக்கமே போவதில்லை.

தனசேகரன் வந்தபோது கால்வாயில் ஏரித் தண்ணீர் பளிங்காக ஓடியது. அர்ஜுனனின் மனைவி அலமுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நேத்திகூட ரத்தமாட்டம் வந்துதுங்க சார். இந்த நாத்தப் பாருங்க."

"பூச்சி விழுந்திருக்கும்மா. கண்ணால பாத்தத்தான நான் எழுத முடியும்?"

எழுதினார். ஃபைல் மூடப்பட்டது.

மறுநாள் கால்வாய் மறுபடி சிவந்தது. அதை ஒரு மருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடிய அர்ஜுனன், தனசேகரனின் மேசைமேல் வைத்தான். அவர் பதறிப்போய்ப் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். மேசைமேல் சிந்தியிருந்த துளியைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

"கற புடிக்கும்பா. இந்தத் தண்ணி எங்க புடிச்சதுன்னு எந்தக் கோர்ட்டுல நிரூபிப்ப? எனக்கு வரி வசூல் தெரியும், பட்டா மாத்தத் தெரியும். தண்ணியப் பத்தி இன்னா தெரியும்?"

அர்ஜுனன் பாட்டிலை எடுத்துக்கொண்டான். அந்த வருஷமே நிலம் கை மாறப்போகிறது என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒரு சொட்டு பட்டதுக்கே மேசயத் தொடைக்க நீங்க இருக்கறீங்க சார். எங்க கால்வாய்க்கு யாரு இருக்காங்க? சட்டம் போட்டா மட்டும் போதுமா? அத்தத் தெரிஞ்சு வந்து பாக்க ஒரு ஆளு, வெசாரிக்க ஒரு கோர்ட்டு, ரெண்டும் இல்லாத சட்டம் வெறும் பேப்பருதான் சார்."

தனசேகரன் கைக்குட்டையில் ஒட்டிய சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.