மேனேஜர் உறங்கும் நேரம்

அக்கா கல்யாணத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியாயிற்று. வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. திரைச்சீலையின் நிறத்தில்கூட மணமக்கள் சண்டையில்லாமல் ஒத்துப்போனார்கள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. மீன்தொட்டியின் தரையில் மணல் போடுவதா, வேண்டாமா?

இருவரிடமும் ஆளுக்கொரு உப்புத்தண்ணீர்த் தொட்டி உண்டு. உள்ளே பாறை, பவளம், மீன் என்று ஒரு சிறிய கடலே இருக்கும். புது வீட்டுக்காரர் தளம் பாரம் தாங்காது, ஒரு தொட்டிதான் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தில் இரண்டு மனம் சேர்வதை எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டு தொட்டி சேர்வதைப் பற்றி எந்தப் பெரியவரும் எச்சரித்ததில்லை.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மதியம் மூன்று மணி ஷிஃப்ட். மாமா (இன்னும் ஆகவில்லை, ஆனால் இப்போதே அழைத்துப் பழகு என்று அம்மாவின் உத்தரவு) ஒரு மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்குபவர். முதல் சந்திப்பில், வளர்ப்பு மீன் கடையில் மிஞ்சியிருந்த கடைசித் தொட்டி உப்பு வாளியின் மேல் இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். மாமா உடனே கையை எடுத்து, பையிலிருந்த கிருமிநாசினியைத் தடவிக்கொண்டார். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

மாமாவின் தொட்டியில் தரை என்றால் வெறும் கண்ணாடி. "மணல் போட்டா அழுக்கு உள்ள போய் குடும்பம் நடத்தும் மச்சான். வெறுந்தரைன்னா குழாய விட்டு உறிஞ்சித் தள்ளிடலாம். பவளத்துக்குத் தண்ணி ஓட்டம் வேற வேணும். மணல வச்சிக்கிட்டு பம்ப்ப வேகமா விட்டுப் பாரு, உள்ள புயல் அடிக்கும்."

அக்காவின் தொட்டியில் மூன்று விரல் ஆழத்துக்கு வெள்ளை மணல். அது மேனேஜருக்காக. மேனேஜர் என்பது விரல் நீளமுள்ள மஞ்சள் மீன். பெயர் வைத்தது நான். ஏதாவது பிரச்சனை என்றால் மணலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்து காணாமல்போகும். பிரச்சனை தீர்ந்ததும் வெளியே வந்து எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும். உறங்குவதும் மணலுக்குள்தான். மணல் இல்லாவிட்டால் கண்ணாடியில் முட்டி முட்டியே செத்துப்போகும் என்பது அக்காவின் வாதம்.

"மணல் இல்லன்னா மேனேஜர் இல்ல. மேனேஜர் இல்லன்னா நானும் இல்ல. தேதிய கேன்சல் பண்ணிக்கலாம்" என்றாள் அக்கா, ஜன்னலைச் சாத்தச் சொல்லும் குரலில்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீயாச்சும் ஏதாவது சொல்லேண்டா."

"எனக்கு ரெண்டு தொட்டியும் ஒண்ணுதாம்மா."

அப்பா தொண்டையைச் செருமினார். "ரெண்டும் வேணாம், கூழாங்கல்லு போட்டா என்ன?"

இருவரும் ஒருசேரத் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்தப் பார்வையில் மட்டும்தான்.

கடைசியில் சமரசம் நான் செய்தது. புது வீட்டுத் தொட்டியில் தரை வெறுமையாக இருக்கும். மூலையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையப் புது மணல். அது மேனேஜரின் படுக்கையறை. பழைய மணலில் நாலு வருஷ அழுக்கு, அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஞாயிறு காலை அக்காவின் தொட்டியிலிருந்து இடமாற்றம்.

"ஒரு மாசம் பாப்பேன். மேனேஜருக்கு ஏதாவது ஆச்சு, அவ்ளோதான்" என்றாள் அக்கா.

"பாத்திரத்துக்கு மூடி போடலாமா?" என்றார் மாமா.

மாமா முந்தின நாள் சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கே எங்கள் வீட்டில் வந்து நின்றார். கையில் புது வாளிகள், முழங்கை வரை உறை. "உங்கக்கா வரதுக்குள்ள முடிச்சிடலாம் மச்சான். சந்தோஷப்படுவா." அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அம்மா வெளியே. அப்பா உள்ளறையில் மதிய உறக்கத்தில். தொட்டியில் விளக்கு அணைந்திருந்தது. "பாத்தியா, கரண்ட் மிச்சம் பண்றா" என்று மாமா பெருமைப்பட்டார்.

தண்ணீரை வாளிகளில் உறிஞ்சினோம். பாறைகளை எடுத்து மூடி போட்ட பெரிய டப்பாவில் வைத்தோம். மற்ற மூன்று மீன்கள் வலையில் வந்தன. மேனேஜரைக் காணோம்.

"பாறை இடுக்குல போயிருக்கும். பாறையோட டப்பாவுக்கு வந்தாச்சு" என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். அது மணலில் உறங்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் மணி நாலரை. பட்டப்பகலில் உறங்குவதற்கு அது என்ன எங்கள் அப்பாவா?

மணலை மூன்று வாளிகளில் அள்ளினோம். அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாசம். மாமா அந்த வாசத்தை எனக்கு ஆதாரமாகக் காட்டினார். பக்கத்து மனையில் கட்டட வேலை. வாசலில் மணல் குவித்திருந்தார்கள். மணலோடு மணல், யாருக்கு என்ன நஷ்டம் என்று இரண்டு வாளியைக் கொட்டினோம். மூன்றாவதைச் சாய்க்கும்போது கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"யோவ், உப்பு மண்ணா இது? இதப் பூசினா செவுரெல்லாம் உப்பு பூத்துடும்யா. அள்ளு. ஒரு பொடி மிச்சம் இருக்கக் கூடாது."

"அண்ணே, தெரியாம..."

"படிச்சவங்கதான? அள்ளு."

அள்ளிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்னடா சத்தம்?"

"கட்டட வேலைக்கா." பொய் இல்லை.

"நாளைக்கு மாமாவ ஆறு மணிக்கே வந்து நிக்க வேணாம்னு சொல்லு. மேனேஜர் எழுந்து நாலு வாய் சாப்பிடட்டும்."

"அது எப்பக்கா தூங்கும்?"

"ரெண்டு மணிக்கு. நான் கிளம்பறதுக்கு முன்னாடி தூங்க வச்சிட்டுத்தான் போவேன். விளக்கு விடியக்கால அஞ்சுலேர்ந்து மதியம் ரெண்டு வரைக்கும்தான்... ஏன்டா?"

மாமா உறைகளைக் கழற்றி எறிந்தார். உறையோடு தேடினால் விரலுக்குத் தெரியாது. முழங்கால் போட்டு, வெறும் கைகளைக் குவியலுக்குள் விட்டார். "மண்வெட்டி வேணாம்ணே! உள்ள மீனு தூங்குது!"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் சல்லடையைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். அவர் வேலையில் இதைவிட மோசமான காரணங்களைக் கேட்டிருப்பார்போல. செல்போனில் அக்கா அழைப்பைத் துண்டித்திருந்தாள்.

நாலாவது பிடியில் மாமாவின் கை அசையாமல் நின்றது. விரல்களுக்கிடையில் மஞ்சளாக ஒன்று துடித்தது. வாளித் தண்ணீரில் விட்டதும் மேனேஜர் ஒருக்களித்து விழுந்தது. மாமா வாளி விளிம்பைப் பிடித்தபடி, "ப்ளீஸ் சார்" என்றார். கொஞ்ச நேரத்தில் சார் நிமிர்ந்து, செவுள்களை அசைத்து, எங்கள் மூவரையும் மேற்பார்வை பார்த்தது.

அரை மணியில் அக்கா வெள்ளைக் கோட்டோடு வந்து சேர்ந்தாள். வீட்டுக் கூடத்தில் காலித் தொட்டி, பக்கத்தில் வாளி. குனிந்து பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் வெளிய இருந்துச்சு?"

"பதினொரு நிமிஷம்" என்றார் மாமா. நானாக இருந்தால் இரண்டு என்றிருப்பேன்.

"யார் எடுத்தது?"

"நான்தான். கொட்டினதும் நான்தான்." பிறகு, "தேதிய கேன்சல் பண்ணிடட்டுமா?" என்றார்.

அக்கா அவர் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை கறுப்புச் சேறு. நகங்களில் மணல். அரை மணியாகியும் அவர் கழுவியிருக்கவில்லை. வாளியை விட்டு நகர்ந்தால்தானே கழுவ முடியும்.

"போய் கையக் கழுவு" என்றாள்.

மாமா கழுவி வந்தார். வழக்கம்போல் மூன்று தடவை இல்லை, ஒரே தடவை. "தொட்டி முழுக்க மணல் போட்டுடலாம். நாலு விரல் ஆழத்துக்கு."

"நாலு எதுக்கு? அழுக்குதான் சேரும். ரெண்டு போதும்" என்றாள் அக்கா.

"ரெண்டுல அது எப்படிப் படுக்கும்? மூணாவது வேணும்."

"மூணு போட்டுட்டு பம்ப்ப எப்படி விடுவ? பவளத்தக் கொல்லப் போறியா?"

"நீ மேனேஜரக் கொல்லப் பாக்கற."

"நானா?"

உள்ளறைக் கதவு திறந்தது. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "இன்னுமா முடியல? அன்னிக்கே சொன்னேன், கூழாங்கல்லு..."

இருவரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா மறுபடி உறங்கப் போனார். அக்கா வாளிக்குள் இரண்டு பிடி மணல் போட்டாள். மேனேஜரும் அதற்குள் உறங்கப் போயிற்று.