முப்பது வருட நாடா

கஜந்தினி கேட்டது சின்ன விஷயம். உயர்தரப் பிள்ளைகளுக்காக அவள் மூன்று வருடமாகப் பதிவு செய்த இரசாயனவியல் பாடங்கள் எல்லாம் லிங்கநகர் வீட்டின் ஹோல் மூலையில் இரவு பகலாக ஓடும் சேர்வரில் கிடந்தன. புல்மோட்டையிலும் மூதூரிலும் இருந்த பிள்ளைகள் கூட இணையத்தில் அதைத் திறந்துதான் படித்தார்கள். பார்க்கலாமே தவிர, ஒருவரும் இறக்கிக்கொள்ள ஏலாது. அந்தப் பூட்டைப் போட்டவன் அவள் கணவன் சாரங்கன்.

“இஞ்சருங்கோ, இதை இன்னொரு டிஸ்கில கொப்பி பண்ணித் தாங்கோவன். ஏதும் நடந்தா என்ன செய்யிறது?”

சாரங்கன் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணினிகளுக்குப் பொறுப்பானவன். அவனுக்கு மனம் நொந்துவிட்டது.

“கொப்பி வேற, பேக்கப் வேற, கஜி. டிஸ்க் அஞ்சு வருசத்தில செத்துப்போகும். டேப்பில எழுதி வைச்சா முப்பது வருசம் இருக்கும்.”

“அதுக்குள்ள சிலபஸ் எத்தினை தரம் மாறும்?”

அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து வேலையால் வந்ததும் டேப் எனும் நாடாவில் எழுதும் கருவிகளைப் பற்றியே வாசித்தான். அவற்றிலும் தலைமுறைகள் உண்டு. ஐந்தாம் தலைமுறை மலிவு, ஆனால் பழையது. ஏழாவது நல்லது, ஆனால் அதன் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம். நாடாவைக் கடற்காற்றின் ஈரம் படாமல் எங்கே வைப்பது என்று யோசிப்பதிலேயே ஒரு மாதம் போயிற்று.

கொழும்பில் பழைய அலுவலக இயந்திரங்கள் விற்கும் ஹஸ்மி பொறுமைசாலி.

“ஆறாவதை எடுங்க அண்ணன். உங்கட வேலைக்கு அது காணும்.”

“ஆறில எழுதினதை எட்டாவது கருவி வாசிக்காதாமே?”

“உங்கக்கிட்ட எட்டு இருக்கா?”

“இல்லை.”

“அப்ப?”

சாரங்கன் இன்னும் இரண்டு மாதம் யோசித்தான்.

ஒரு நாள் சேர்வருக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வரத் தொடங்கியது. கஜந்தினி பயந்துபோய் அவனைக் கூப்பிட்டாள்.

“பாத்தியா? இதுக்குத்தான் டேப் வேணுமெண்டு சொன்னனான்!” என்றான் அவன், ஏதோ வழக்கில் வென்றவன் போல.

“அது வரும்வரைக்கும் ஒரு பென்டிரைவிலயாவது...”

“பென்டிரைவா!” என்று சிரித்துவிட்டு, ஹஸ்மிக்கு அழைத்து ஆறாவதை அனுப்பச் சொன்னான்.

கருவி கொழும்பு பஸ்ஸில் வந்தது. பஸ் நிலையத்தில் இறக்கி, ஓட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான். பொருத்துவதற்காகச் சேர்வரை நிறுத்தி மறுபடி போட்டபோது டிஸ்க் எழும்பவில்லை. டவுனில் திருத்துபவர் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

எழுதக் கருவி இருந்தது, முப்பது வருடம் இருக்கும் நாடா இருந்தது. எழுதத்தான் ஒன்றும் இல்லை.

கஜந்தினி ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குசினிக்குள் போய்ப் போனை எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: “பிள்ளையள், என்ர பாட வீடியோ ஆரிட்டயாவது இருந்தா அனுப்புங்கோ. ஏச மாட்டன்.”

பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறியது. கடைசியில் புல்மோட்டை நப்லா தனியாக ஒரு செய்தி போட்டாள்.

“மிஸ், உண்மையா ஏச மாட்டீங்களா?”

“மாட்டன்.”

“முதலாம் அலகு முழுக்க இருக்கு மிஸ்.”

அதன்பின் மடை திறந்ததுபோல வந்தன. சிலதில் வேறொரு ரியூசன் நிலையத்தின் பெயர் படத்தின் குறுக்கே பொறிக்கப்பட்டிருந்தது. ஒன்றைத் திரைக்கு முன்னால் போனைப் பிடித்தே எடுத்திருந்தார்கள். கஜந்தினி அமிலங்களை விளக்க, எங்கோ ஒரு சேவல் விடாமல் கூவியது.

“எப்பிடி இறக்கினவை? நான் பூட்டினதல்லோ?” சாரங்கனின் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

“நல்லகாலம், உங்கட பூட்டும் உங்கட பேக்கப் மாதிரித்தான்.” நாலைந்து நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள்.

மின்னிரசாயனத்தில் இரண்டு பாடங்கள் மட்டும் ஒருவரிடமும் இல்லை. அவை கடினம் என்று பிள்ளைகள் தொடவே இல்லையாம்.

சாரங்கன் புது டிஸ்க் போட்டு, வந்ததையெல்லாம் நாடாவில் எழுதத் தொடங்கினான். கருவி ஹோலில் அரிசி ஆலை போல இரைந்தது. கஜந்தினி வெண்பலகையும் கமராவுமாக வந்து நின்றாள்.

“இஞ்சருங்கோ, அதை நிப்பாட்டுங்கோ. இந்தச் சத்தத்துக்க பாடம் எடுக்க ஏலாது.”

“இடையில நிப்பாட்டினா முதல்ல இருந்து எழுதோணும், கஜி.”

அவள் வெண்பலகையைக் கருவிக்கு முன்னாலேயே நிறுத்தினாள். அவன் கருவியை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொலைந்த பாடத்தைத் தொடங்கினாள்.